ஏழு இழுப்பின் புகை

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் கியர்பாக்ஸ் மெக்கானிக்காக இருந்த கோபாலசாமி, 2003 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு மூக்கு வழியாக விட்ட புகை, மூன்றரை வருடம் கழித்தும் கலையவில்லை. தலையணை அளவில், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், அவருடைய இடது தோளுக்கு ஒரு முழம் மேலே நின்றது. அவர் நடந்தால் நடந்தது, தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் ஏறினால் ஏறியது. முதல் வாரம் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது வாரம் கேம்பில் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனது, பேச அது கிடைத்துவிட்டது.

கோபாலசாமி புகை பிடிக்கிறவர் அல்ல. 1996இல் விமானம் ஏறும் முன்பு, பீடி இருமலில் அப்பாவைப் பறிகொடுத்த மனைவி நாகவள்ளி, அவர் கையைத் தன் உச்சந்தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை அவர் ஏழு வருடம் காப்பாற்றினார். அவருக்கு இருந்த ஒரே சொத்து மூக்கு. கியர் ஆயிலில் ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "படிப்பு மண்டையில ஏறல, அந்த எடத்துக்கும் சேத்து மூக்கு வளந்துருச்சு" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த மூக்கை நம்பி மாதம் ஒருமுறை தன் பழைய லேண்ட்ரோவரைக் கொண்டுவருவார் ஆலன் என்ற ஸ்காட்லாந்துக் கிழவர், பைப்லைன் இன்ஜினியர். வேலை முடிந்து ஊருக்குப் போகிற வாரம் அவர் கையில் வட்டமான தகர டப்பா ஒன்று இருந்தது. 1981இல் வாங்கிய பைப் புகையிலை. ரிட்டயர் ஆகிற அன்று குடிக்கலாம் என்று இருபத்திரண்டு வருடம் மூடியே வைத்திருந்தார். இதற்கிடையில் நாற்பது வருடப் புகை அவர் நாக்கை முடித்துவிட்டது. காபியும் வெந்நீரும் இப்போது அவருக்கு ஒன்றுதான். நீ குடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல் என்று அரைகுறை இந்தியில் கேட்டார். ஆயில் டெஸ்ட் போல என்றுதான் கோபாலசாமிக்குப் பட்டது. சத்தியம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்தது ஐந்தாவது இழுப்பில்.

காசை நுழைத்துத் திருகியதும் டப்பா உஸ்ஸென்று மூச்சு விட்டது. உள்ளே தகடு தகடாக அழுத்திய கறுத்த இலை, மேலே சர்க்கரைப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. ஆலன் அதை உள்ளங்கையில் உதிர்த்து, அடியில் இளக்கமாகவும் மேலே இறுக்கமாகவும் பைப்பில் அடைத்தார். நெஞ்சுக்குள் இழுக்காதே, வாயில் வைத்திருந்து மெதுவாக விடு என்றார். கோபாலசாமி சொல்லச்சொல்ல ஆலன் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்: ஒன்று, கிஸ்மிஸ் பழம். இரண்டு, புளியங்கொட்டைத் தோல். மூன்று, ஈர வைக்கோல். நான்கு, புதுச் செருப்பு. ஐந்து, கருப்பட்டி அடிப்பிடித்தது. ஆறு, மிளகு, அதுவும் தொண்டைக்கு வராமல் மூக்கிலேயே நின்றுவிடுகிற மிளகு. ஏழாவதில் ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. ஆலன் ஏழு என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார், தன் முகவரியைக் கொடுத்தார், போய்விட்டார். புகை போகவில்லை.

கேம்பைக் கவனிக்கிற அதிகாரி வந்து பார்த்தார், ரூமில் புகை பிடிக்கக் கூடாது என்று இருந்ததே ஒழிய புகை இருக்கக் கூடாது என்று நோட்டீஸில் இல்லை என்பதால் திரும்பிப் போனார். ரூம்மேட் கௌஸ் முகம்மது, கீழக்கரைக்காரர், புகைக்கு மேல்தட்டுக் கட்டிலை ஒதுக்கினார். "இருந்துட்டுப் போகட்டும்ணே. இந்த ரூம்ல கொறட்ட விடாத ஒரே ஆளு அதுதான்." கோபாலசாமி சாம்பிராணி போட்டுப் பார்த்தார், சாம்பிராணிதான் கலைந்தது. ரிப்பேருக்கு வந்த ஒரு ஜீப்புக்குள் வைத்துப் பூட்டினார். சைலன்சர் வழியாக வந்துவிட்டது. இந்தக் கோலத்தில் எந்த முகத்தோடு வீட்டு வாசலில் போய் நிற்பது? லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று போனில் பொய் சொன்னார். மூன்று வருடம் சொன்னார். 2006இல் அவரை ஃபோர்மேன் ஆக்கிய முதலாளி, சந்தோஷத்தில், கேட்காமலேயே நாகவள்ளிக்கு விசிட் விசா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மே மாதம் அபுதாபி ஏர்போர்ட்டில் அவர் நின்றார், தோளுக்கு மேலே அதுவும் நின்றது. நாகவள்ளி தள்ளுவண்டியை நிறுத்தி ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

"எத்தன நாளா?"

"ஒரே ஒரு நாளுதான். ஏழு இழுப்பு."

"இதுக்காகத்தான் லீவு கெடைக்கலயா?"

அவர் டாக்ஸியைத் தேடினார். ஷேரிங் பிளாட்டில் எடுத்திருந்த ரூமுக்கு வந்ததும் ஆலனின் செத்துப்போன நாக்கைப் பற்றி முழுக்கச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "இழுத்ததுக்குக்கூட மன்னிச்சிருவேன். மூணு வருசம் என்னைய வாசலப் பாக்க வச்சீங்க பாருங்க" என்றாள். அடுத்த விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றச் சொன்னாள். பெட்டியை அவிழ்க்கவில்லை. இரண்டு நாள் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். கோபாலசாமி சமைத்தார், புகைக்குக்கூட அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஜன்னல் பக்கம் போய் நின்றது.

மூன்றாம் நாள் அவர் வேறு வழியில்லாமல் டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, புகை அவர் பின்னால் போகிற வழியில் அவளை உரசிக்கொண்டு போனது. அவள் முகர்ந்தாள். பிறகு நாக்கு நுனியை லேசாக நீட்டிப் பார்த்தாள்.

"ஏழாவது என்னன்னு தெரியலன்னீங்கள்ல?"

"ஆமா."

"கவர் பசை. ஒங்களுக்கு லெட்டர் போடுறப்ப நாக்குல தடவித்தான ஒட்டுவேன். பத்து வருசமா ருசிச்சவளுக்குத் தெரியாதா? நீங்க ஸ்குரு டிரைவர விட்டுக் கிழிக்கிற ஆளு, ஒங்களுக்கு எங்க தெரியும்."

அவர் முகர்ந்து பார்த்தார். லேசான இனிப்பு, காய்ந்துபோன இனிப்பு. அதுதான். டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். அவள் பெட்டியை அவிழ்த்தாள்.

அன்றே ஆலனுக்கு எழுதிப் போட்டார்கள். ஜூலையில் பதில் வந்தது. உள்ளே ஒரு பக்க நன்றி. கோபாலசாமி முதல்முறையாகக் கவரைக் கிழிக்காமல் பிரித்ததால், மூடியின் வெளிப்பக்கத்தில், நாக்கால் தடவி ஒட்டிய பிறகு ஆலன் எழுதியிருந்த சிறு வரி கண்ணில் பட்டது: ஆமாம், தெரிகிறது.

விசா முடிந்து ஆகஸ்டில் நாகவள்ளி கிளம்பினாள். டிசம்பரில் லீவில் வருவதாக இந்தத் தடவை அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை, டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். பாஸ்போர்ட் கவுண்டர் அருகில் புகை கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாகப் பிரிந்தது. பாதி அவர் தோளில் நின்றது, பாதி அவளோடு போனது. சென்னையில் சுங்க அதிகாரி அதைக் காட்டி இது என்ன என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரோடது" என்றாள். அவர் தலையாட்டி, சாக்பீஸால் பெட்டியில் ஒரு பெருக்கல் குறி போட்டார், புகையில் ஒன்று போட்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.