பேப்பர் கப்

கடிதம் டீப்பாயின் மேல் கிடந்தது. இராமகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார். ஆனால் கையெழுத்துப் போடாமல் மனைவி பொன்னுத்தங்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

எதிரே இசைவாணி உட்கார்ந்திருந்தாள். எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகிறவள். உராய்ந்தாலும் வெடிக்காத பட்டாசு மருந்தை ஆராய்வதற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு அவளைக் கூப்பிட்டிருந்தது. இரண்டு கோடை விடுமுறைகளில் இராமகிருஷ்ணனின் பட்டாசுக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்ததற்கு அவர் தரவேண்டிய நற்சான்றுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அதை அனுப்ப நாளை கடைசி நாள்.

அவள் அம்மா மாரித்தாய் கதவோரம் நின்றிருந்தாள். அதே கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வெடிக்குத் திரி வைப்பவள். இந்த வீட்டில் அவளை உட்காரச் சொன்னவர்கள் இல்லை.

காபி வந்தது. முதலாளிக்கு எவர்சில்வர் தம்ளரில், இவர்கள் இருவருக்கும் பேப்பர் கப்பில். இரட்டைக் குவளையெல்லாம் அந்தக் காலம் என்று இந்த வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். பேப்பர் கப் வந்த பிறகு இரட்டைக் குவளை எதற்கு?

"நம்ம பிள்ள ஹரிபிரசாத்தும் அதே ஊருக்குத்தான் படிக்கப் போறான், மாரித்தாயி," என்றாள் பொன்னுத்தங்கம். "இங்கன ஒரு தம்ளரக்கூட நகத்தி வச்சதில்ல. ஒம் மக வாரத்துக்கு ரெண்டு தடவ போயி பாத்திரம், துணிமணி பாத்துக்கிட்டாப் போதும். சமையல் வேண்டாம். சோறு அவனே எப்படியாச்சும் பொங்கிக்கிடுவான்."

தம்ளரை நகர்த்தாத பிள்ளை சோறு மட்டும் எப்படிப் பொங்குவான் என்று யாரும் கேட்கவில்லை. சமையல் ஏன் வேண்டாம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

இசைவாணி வாயைத் திறந்தாள். அதற்குள் மாரித்தாய் முந்திக்கொண்டாள்.

"செய்வாம்மா. அங்கன சும்மாத்தான இருக்கப்போறா."

பேனா கடிதத்தில் ஓடியது.

"கப்ப இங்கன வைக்காத. போகும்போது வெளிய போட்டுரு," என்றாள் பொன்னுத்தங்கம்.

சாத்தூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் இசைவாணிக்குத் தாங்கவில்லை.

"எதுக்கும்மா ஒத்துக்கிட்ட? கடல் தாண்டிப் போயும் அவன் எச்சித்தட்டத்தான் கழுவணுமா?"

"நீ ஏன் கழுவப்போற? ஒத்துக்கிட்டது நானு. நீ போயிச் சேந்த பெறகு அவுக ஏங்கிட்டத்தான கேக்கணும்? என்ன, வேலைய விட்டு நிப்பாட்டுவாக. நிப்பாட்டட்டும்."

ஒரு முதலாளி நிறுத்தியவளை அந்த வட்டாரத்தில் இன்னொருவர் லேசில் சேர்க்கமாட்டார். அது இருவருக்கும் தெரியும். இசைவாணி ரோட்டில் நின்றபடியே அழுதாள்.

"அழுவாத. அம்புட்டு யோசிச்சுக் கையெழுத்துப் போட்டாகளே, அப்படி என்னதான் எழுதியிருக்காக? வாசி."

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். "வேலையில் கெட்டிக்காரி. நேர்மையானவள். எங்கள் குடும்பத்தில் ஒருத்தியைப் போன்றவள்."

எறிய மறந்த பேப்பர் கப் இன்னும் மாரித்தாயின் கையில் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்கன யாராச்சும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒனக்குக் காப்பி குடுத்தாகன்னா, எதுல குடுத்தாகன்னு மட்டும் எனக்குப் போன் போட்டுச் சொல்லு தாயி," என்றாள்.