டாக்டர் மாப்பிள்ளைக்கு ஓர் இணைப்பு

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவரைக் கேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆசிரியரோ அலுவலக ஊழியரோ, யாருடைய கணினியானாலும் வளாகத்தின் கம்பிவழி நெட்வொர்க்கில் அதைச் சேர்த்துவிடுவது அவர் வேலை. பதினாறு வருஷ அனுபவம். எந்த அறையில் எந்தச் சுவரில் எத்தனையாம் எண் துளை இருக்கிறது, அதன் கம்பி எந்த மாடி அலமாரிக்குப் போய்ச் சேருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

வேலை முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. ஊழியர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். கேபிள் அதில் தேதி முத்திரை அடித்து, அடியில் இருக்கும் துண்டுச் சீட்டிலும் ஒரு முத்திரை அடித்துக் கிழித்துக் கொடுப்பார். பிறகு அலமாரியில் அந்தத் துளைக்குரிய கம்பியைச் செருகி, கணினியின் எண்ணைப் பதிந்தால் இணைப்பு வந்துவிடும். அதுவரைக்கும் சுவரில் இருப்பது வெறும் ஓட்டை. இரண்டு வேலை நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பது கணினி மைய இயக்குநர் மேடம் போட்ட சட்டம். தாமதம் என்றால் அந்த மேடத்துக்கு ஆகவே ஆகாது. கேபிள் இத்தனை வருஷத்தில் ஒரு படிவத்தைக் கூட மூன்றாம் நாளுக்குத் தள்ளியதில்லை. காலியாக இருந்த மேற்பார்வையாளர் பதவிக்கு அவரையே பரிந்துரைக்கப் போவதாக மேடம் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதம் போகும்.

அந்த வாரம் பார்த்துத்தானா திங்கட்கிழமை காலையில் சகலை படிவத்தோடு வந்து நிற்க வேண்டும்?

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். கல்யாணமாகி ஒரு வருஷம்; இங்கே ஆசிரியராகச் சேர்ந்து ஒரு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் என்பதால் மாமியார் வாய்க்கு வாய் 'டாக்டர் மாப்பிள்ளை' என்பார். தலைவலி என்று போனால் ஒரு மாத்திரை எழுதித் தரத் தெரியாத டாக்டர் என்று கேபிள் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். வெளியே சொன்னால் மனைவி கோபித்துக்கொள்வாள்.

அவர் வருவதற்கு முன்னால் மாமியார் வீட்டில் கேபிள்தான் ராஜா. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் சாய்வு நாற்காலி அவருக்கென்றே காலியாக இருக்கும். மாமியாரின் போன் மக்கர் பண்ணினால் அவர்தான் வைத்தியர். இப்போது நாற்காலியில் டாக்டர். போனும் அவர் கையில்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமியார் இரண்டு மாப்பிள்ளைகளையும் அறிமுகப்படுத்தினார். "இவர் டாக்டர். பல்கலைக்கழகத்துல பாடம் எடுக்கிறார். மூத்தவரும் அங்கதான் இருக்கார். ஏதோ வயர் வேலை."

அந்த 'ஏதோ' கேபிளின் நெஞ்சில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. டாக்டரோ நாற்காலியில் சாய்ந்தபடி சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதே டாக்டர் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"அண்ணா, இருநூத்திப் பதினாலாம் அறை. பதினெட்டாம் துளை. மதிப்பெண் போடுற பக்கம் இந்த ஒயர்ல மட்டும்தான் திறக்குதாமே. வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். கொஞ்சம் பார்த்துக் குடுங்க."

"பார்க்கலாம்" என்றார் கேபிள். இரண்டு முத்திரையும் அடித்தார். துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். டாக்டர் வராந்தாவில் திரும்பியதும், படிவத்தை எடுத்துக் கட்டுக்கு அடியில் செருகினார்.

செய்தால் ஐந்து நிமிஷ வேலை. அதனால்தான் செய்ய மனம் வரவில்லை. பெரிய படிப்புப் படித்தவர் ஒரு ஓட்டைக்கு முன்னால் கைகட்டி உட்காரட்டும், வயர் வேலை என்றால் என்னவென்று தெரியட்டும் என்று நினைத்தார். நினைக்க நினைக்க இனித்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஆச்சாண்ணா?" "வரிசையில இருக்கு." புதன்கிழமையும் வந்தார். "அலமாரியில இடம் இல்ல, ஏற்பாடு பண்ணிட்டிருக்கேன்" என்றார் கேபிள். அலமாரியில் ஒன்பது இடம் காலியாக இருந்தது. வியாழக்கிழமை டாக்டர் வரவில்லை. வராமல் போனதும் கேபிளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கெஞ்ச ஆள் இல்லாவிட்டால் மிஞ்சுவதில் என்ன சுகம்?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டாம் மாடியிலிருந்து தொலைபேசிகள் அலறத் தொடங்கின. மாடி முழுக்க இணைப்பு இல்லை. நாற்பது ஆசிரியர்கள் மதிப்பெண் போட முடியாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

கேபிள் படியேறி ஒரு கணினியைத் திறந்து பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கணினி கண்விழித்ததும் முதலில் தன் முகவரி என்னவென்று நெட்வொர்க்கிடம் கேட்கும். பதில் சொல்ல வேண்டியது மையத்தின் சர்வர். இங்கே வேறு யாரோ முந்திக்கொண்டு கண்டபடி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு புத்திசாலி வீட்டு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து, அந்தப் பெட்டியின் நீலத் துளையில் செருக வேண்டிய கம்பியை மஞ்சள் துளையில் செருகியிருக்கிறார். அலமாரியைத் திறந்து கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதினேழாம் எண்ணைப் பிடுங்கியதும் மாடி அடங்கியது.

பதினேழு. இருநூற்றுப் பதினாலாம் அறை. அங்கே விடுப்பில் இருக்கும் இன்னொரு ஆசிரியரின் துளை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது கேபிளுக்கு. ஓட்டமாக ஓடினார். அறையில் டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். மேஜையில் அந்தப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கேபிள் போனை எடுத்து நேராக இயக்குநரைக் கூப்பிட்டார்.

"மேடம், ஆள் கிடைச்சாச்சு. நீங்களே வந்து பாருங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் டாக்டரின் சட்டைப்பையைப் பார்த்தார். துண்டுச் சீட்டு மெல்லிய துணி வழியாகத் தெரிந்தது. திங்கட்கிழமை முத்திரை. அடித்தது இவர் கை. மேடம் வந்ததும் ஏன் சொந்தப் பெட்டி வைத்தாய் என்று கேட்பார். டாக்டர் சீட்டை எடுத்து நீட்டுவார். பதினாறு வருஷமும் பதவியும் அந்த நாலு விரற்கடைக் காகிதத்தோடு போய்விடும்.

மேடம் வந்தார். பெட்டியைப் பார்த்தார். "டாக்டர், இது என்ன?"

"என்னோடதுதான் மேடம்."

"யாரைக் கேட்டு வச்சீங்க? உங்களுக்குன்னு இணைப்பு கேட்டு படிவம் குடுக்கலையா?"

டாக்டரின் கை சட்டைப்பை வரைக்கும் போனது. அவர் கேபிளைப் பார்த்தார். கேபிள் சுவரைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையிலதான் குடுத்தேன் மேடம். இவர் உடனே போடுறேன்னுதான் சொன்னார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"கடைசி நாள்ல மாடியே நின்னு போச்சு. எழுத்துல விளக்கம் குடுங்க. உங்க கோப்புல போகும்." மேடம் கேபிள் பக்கம் திரும்பினார். "பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சீங்க. கடிதத்துல இதையும் சேர்த்துடுறேன்."

அவர் போன பிறகு கேபிள் பெட்டியின் கம்பியைக் கழற்றிவிட்டு அலமாரிக்குப் போய்ப் பதினேழைத் திரும்பப் போட்டார், பதினெட்டையும் செருகினார். அறைக்கு வந்து டாக்டரின் கணினி எண்ணைப் பதிந்தார். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. மதிப்பெண் பக்கம் பளிச்சென்று திறந்தது.

டாக்டர் துண்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இதை நீங்களே வச்சுக்குங்கண்ணா."

கேபிள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அன்னைக்கு அத்தை ஏதோ வயர் வேலைன்னு சொன்னாங்கல்ல... எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பவே நான் ஏதாவது சொல்லியிருக்கணும். சும்மா சிரிச்சுட்டு இருந்துட்டேன். தப்பு."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். காட்டிக் கொடுத்திருந்தால் வயிறெரியச் சபித்திருக்கலாம். இந்த மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை. படிப்பும் அவருக்கே, நாற்காலியும் அவருக்கே, இப்போது பெருந்தன்மையும் அவருக்கே. தனக்கென்று அவர் மிச்சம் வைத்தது இந்தச் சீட்டு ஒன்றுதான் என்று கேபிளுக்குத் தோன்றியது. அதை மடித்துப் பர்ஸில் வைத்தார். நன்றி என்று சொல்ல வந்தவர், "வீட்டுல இந்தப் பெட்டியை வைக்கும்போது கம்பியை நீலத் துளையில சொருகுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பதவி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனபோது, தன் வாயால் சொல்லாமல் மனைவியைச் சொல்ல வைத்தார். பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தாள், சரியான நேரம்.

மாமியார் கையைத் தட்டினார். "பார்த்தியா! மூத்தவர் இப்ப மேற்பார்வையாளர். டாக்டர் மாப்பிள்ளை அங்க சேர்ந்த ராசி. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அதான் உடனே குடுத்துட்டாங்க."

டாக்டர் பதறி எழுந்தார். "ஐயோ அத்தை, அப்படியெல்லாம் இல்ல. நான் ஒண்ணுமே சொல்லல. எல்லாம் அண்ணாவோட திறமை."

"கேட்டியா? செஞ்சதைச் சொல்லிக்கக் கூட மாட்டேங்கிறார்!" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் உருகினார் மாமியார்.

இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது கேபிளுக்கு. ஆனால் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையால்தான் பதவி வந்தது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். மாமியார் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேலையைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருந்தார்.

"இப்படி வந்து உட்காருங்கண்ணா" என்று டாக்டர் சாய்வு நாற்காலியைக் காட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேபிள் உட்கார்ந்தார். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் வந்து அடித்தது. அதுவும் டாக்டர் கொடுத்த காற்றுதான்.