இறக்கை வாங்கியவரின் அரண்மனை

காசு கொடுத்து இறக்கை வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. விளையாட்டில்தான் சொல்கிறேன். எங்கள் ‘நொய்யல் நாடு’ ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கட்டட விளையாட்டு. மண்ணைத் தோண்டி, கல்லெடுத்து, வீடோ கோயிலோ மனதுக்குத் தோன்றியதைக் கட்டலாம். ஆடுகிறவர்கள் எல்லாம் வேலம்பாளையம், மண்ணரைப் பக்கத்துப் பனியன் கம்பெனி ஆட்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், என்னைப் போல ஆபீஸில் மெர்ச்சண்டைசர், எல்லாரும் அங்கே ஒரே தரை. எல்லாரும் நடந்துதான் போக வேண்டும்.

அதை இளங்குமரன் கெடுத்தார். சர்வரை நடத்துகிறவர் அவர்தான். திடீரென்று ‘விஐபி’ என்று ஒன்றை விற்க ஆரம்பித்தார். வாங்கினால் பறக்கலாம், கல் தீரவே தீராது, ஓரிடத்தில் கட்டியதை அப்படியே அள்ளி இன்னோரிடத்தில் ஒட்டலாம். முதல் ஆளாக வாங்கியவர் வேல்குமார், எங்கள் முதலாளியின் மகன். கம்பெனியில்தான் இவருக்குத் தனி ஏசி ரூம், இங்கேயுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன நியாயம் என்று இளங்குமரனிடம் கேட்டேன். “ஏனுங்க, சர்வர் வாடகையை நீங்க கட்டறீங்களா?” என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

ஆயுத பூஜை லீவில் போட்டி வந்தது. எல்லாரும் சுற்றிப் பார்த்து ஓட்டுப் போட, ஜெயிக்கிற கட்டடத்தை நாட்டின் வாசலில் வைப்பார்கள். புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பக்கத்தில் ‘கட்டியவர்’ என்று பெயர்ப் பலகை. எனக்கு அந்தப் பலகை வேண்டும். கம்பெனியில் நான் உயிரைக் கொடுத்து முடிக்கிற ஒவ்வொரு ஆர்டரிலும் எந்த நாட்டுக்காரன் பெயரோதான் லேபிளாக ஏறுகிறது. ஒரே ஒரு இடத்திலாவது சண்முகப்பிரியா என்று இருக்கட்டுமே.

நான் கட்டியது ஒரு மலை, உச்சியில் முருகன் கோயில். கல்லைச் சுமந்து ஏறுவேன், கால் தவறும், செத்துப்போவேன், மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறுவேன். தலைக்கு மேலே வேல்குமார் பறந்துகொண்டிருப்பார்.

இத்தனைக்கும் போட்டிக்கு வைத்த அரண்மனையில் அவர் தானாக ஒன்றும் கட்டவில்லை. ஜாப் ஒர்க் விட்டார். சுவர் ஒருவருக்கு, கூரை ஒருவருக்கு, ஜன்னல் ஒருவருக்கு. கூலி, விளையாட்டுக்குள் கிடைக்கிற வைரம். அவரவர் தங்கள் இடத்தில் செய்து வைப்பார்கள், இவர் அள்ளி வந்து ஒட்டிக்கொள்வார். இதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை. ஏன், நானே நினைக்கவில்லை. எங்கள் ஊரில் நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையல் ஒரு இடம். ஒரு பனியனை முழுதாக ஒரே ஆள் செய்தால் அவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

போட்டிக்குச் சற்று முன்னால்தான் வேல்குமார் ஜன்னல்களை ஒரே தட்டலில் ஒட்டினார். ஒன்றுகூட உட்காரவில்லை. சுவரில் விட்ட இடம் இருபது கல், வந்த ஜன்னல் இருபத்தொன்று. எல்லா ஜன்னலும் கூரைக்குள் முட்டி, பக்கத்துச் சுவரைத் தின்று நின்றன. திருத்த நேரமில்லை. பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டு நேராக என் மலைக்கு வந்தார்கள். நான் ஜெயித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தண்ணீர் காய்வதற்குள் எங்கள் விளையாட்டு வாட்ஸ்அப் குரூப்பில் வேல்குமாரின் குரல் வந்தது. “ஜன்னலைப் பரணி மாஸ்டருக்குக் குடுத்தேனுங்க. எதுத்துப் போட்டி போடறது அவரு ஊட்டுக்காரம்மான்னு யோசிக்காம குடுத்தது என்ற தப்புங்க.”

பரணி என் வீட்டுக்காரர். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எதிரே உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். குரூப்பில் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். நியாயம் பேசின அம்மா, வீட்டுக்காரரை ஏவிவிட்டுக் கவிழ்த்துவிட்டாளே என்று ஒருவர். இதற்கு இறக்கையே தேவலாம் என்று இன்னொருவர்.

எனக்குச் சொல்லாமல் எப்படி அந்த வேலையை எடுத்தீர்கள் என்று கேட்டேன். சின்ன முதலாளி கேட்டாராம், மறுக்க முடியவில்லையாம். சரி, ஒரு கல் எப்படிக் கூடியது என்றேன். பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“மாமா, ஷ்ரிங்கேஜ் விட்டீங்களா?”

தலை தொங்கிவிட்டது. துணி துவைத்தால் சுருங்கும் என்று அளவைச் சற்றுக் கூட்டி வெட்டி வெட்டி, கல்லுக்கும் அஞ்சு பர்சன்ட் விட்டிருக்கிறார் மனுஷன்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நிம்மதியும்தான். இது சதியில்லை, சுத்தமான முட்டாள்தனம், குரூப்பில் சொன்னால் முடிந்தது என்று போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மிணி, வேணும்னே கெடுத்தேன்னு வேணா சொல்லிக்க. பரணி அளவு தெரியாம வெட்டிப்போட்டான்னு மட்டும் சொல்லிப்போடாத. நாளைக்கு அந்தக் கட்டிங் டேபிள்ல நான் எப்படி நிக்கறது?”

கெட்டவன் என்ற பெயர் அவருக்குப் பரவாயில்லை. வேலை தெரியாதவன் என்ற பெயர் ஆகாது. எனக்கோ நேர்மாறு. எனக்கு அந்தப் பலகை இருந்தால் போதும், வீட்டுக்காரர் முட்டாள் என்று ஊரே சொல்லட்டும் என்றுதான் ஒரு நிமிஷம் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் முடியவில்லை. ஆர்டர் ரிஜெக்ட் ஆன அன்றுகூட அவர் அப்படி இருந்ததில்லை.

குரூப்பில் பேசினேன். “நான்தானுங்க ஒரு கல்லு சேத்தி வெட்டச் சொன்னேன். அவரு இதுக்கெல்லாம் ஒத்துக்கற ஆளு இல்லைங்க, நான்தான் வற்புறுத்திப்போட்டேன்.”

இளங்குமரன் வருத்தத்தோடு என் வெற்றியை ரத்து செய்து, எங்களால் கெட்டது வேல்குமாருக்குத்தான் என்று அதை அவருக்கே கொடுத்தார். போட்டி முடிந்தபின் எதையும் திருத்தக் கூடாது என்பது விதி. ஆகவே அரண்மனை அதே கோணல் ஜன்னல்களோடு வாசலில் ஏறியது.

மறுநாள் கம்பெனியில் பரணியைப் பார்த்து எல்லாரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவர் என்ற சிரிப்பு. அளவைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வெட்ட வேண்டிய துணியை லேயர் லேயராக அடுக்கினார்.

சாயங்காலம் இருவரும் நொய்யல் நாட்டின் வாசலில் போய் நின்றோம். பலகையில் ‘கட்டியவர்: வேல்குமார்’ என்றிருந்தது. சுவர் போட்டவர் பெயர் இல்லை, கூரை போட்டவர் பெயர் இல்லை, ஜன்னல் போட்ட பரணி பெயரும் இல்லை. எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. இவர் பலகையைப் பார்க்கவே இல்லை. ஜன்னல்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்குள் மழை தூற ஆரம்பித்தது.

“நல்லா நனையட்டும் அம்மிணி,” என்றார். “காஞ்சா கரெக்டா உக்காந்துக்கும்.”