எட்டு அடையாள அட்டைகள்

டிரைவரின் உடம்பை டாக்டர்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர், குறட்டைக்கு ஒருவர். ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்களே தவிர, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் பல் டாக்டர்தான், கீழ்ப் பற்களுக்கு நடுவே புதிதாக விழுந்திருந்த இடைவெளிகளைப் பார்த்துவிட்டு, “இது பல்லோட வேலை இல்ல” என்று ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பிவைத்தார். அங்கே போய்ச் சேருவதற்குள் டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் மருத்துவமனை வாசனையே அலுத்துப்போயிருந்தது.

ஹார்மோன் டாக்டரம்மா சின்ன வயசு. வெளியே பெஞ்சில் எழுபது பேர் காத்திருந்தார்கள். இருந்தாலும் டிரைவரின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், செருப்பு சைஸ் கேட்டார்.

“எட்டுல இருந்தேன். இப்போ பதினொண்ணு. டிப்போல பசங்க படகுன்னு கூப்பிடறாங்க” என்றார் டிரைவர். அவரே சிரித்தும் வைத்தார்.

“வெயிட்டும் ஏறியிருக்கே, கால் வீங்கறதும் இருக்கு. செருப்பு சைஸ மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அதுல கட்டி வந்தா வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகும். பெரியவங்களுக்கு வந்தா உயரம் கூடாது, கை கால் முகமெல்லாம் மெதுவாப் பெருக்கும். கூடவே இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால பழைய ஃபோட்டோ கொண்டுவாங்க. வருஷத்துக்கு ஒண்ணா.”

அப்படித்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை, டிப்போ கொடுத்த எட்டு வருட அடையாள அட்டைகளை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறைகூடக் கசங்காமல் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தவர் டிரைவர். படங்கள் எல்லாம் மனைவி எடுத்தவை. அவளுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ, பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஸ்டூலும் ஒரு வெள்ளைத் திரையும் ஒரு கம்ப்யூட்டருமாக. செல்போனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனுஷன், வருடத்துக்கு ஒரு தடவை அட்டைக்காக மட்டும் அவள் முன்னால் உட்காருவார்.

டாக்டரம்மா அட்டைகளை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

“எட்டு வருஷமா ஒரே முகம்” என்றார். “மூக்கு, தாடை, நெத்தி, ஒண்ணுமே மாறல. நேர்ல கொஞ்சம் உப்பலாத் தெரியறது வெயிட்டால இருக்கும். எனக்கும் இப்படி இருந்தா நல்லாருக்கும்.”

“அப்போ ஒண்ணுமில்லையா?” என்றார் டிரைவர். குரலில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். இல்லை.

“அந்த நோயா இருந்தா இத்தனை வருஷத்துல முகத்துல தெரிஞ்சிருக்கும். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பணும், ஸ்கேனுக்கு நாலு மாசம் வரிசை. இந்த ஃபோட்டோவ வச்சுகிட்டு நான் எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க. உங்க உடல்வாகே இப்படித்தான்னு நினைக்கறேன். சர்க்கரையை மட்டும் பாத்துக்கங்க.”

அவர் பேனாவை எடுத்தார். மனைவி அந்தப் பேனாவையே பார்த்தாள். போன மாதம் இரண்டு தடவை பேருந்தின் பக்கக் கண்ணாடியைத் தூணில் இடித்திருந்தார் டிரைவர். பக்கத்தில் வருவது தெரியவில்லை என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அந்த வெள்ளைத் தாளில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் அவளும் தப்பித்துவிடலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

“டாக்டர், அது அவரு முகம் இல்ல” என்றாள். “நான் பண்ணினது.”

பேனா நின்றது.

“ஸ்டுடியோவுக்கு வர்ற எல்லாருக்கும் டச்சப் பண்ணுவேன். இவருக்கும் பண்ணினேன்.”

“டச்சப் பண்ணாத படம் இருக்கா?”

“மாசக் கடைசில எல்லாத்தையும் அழிச்சிடுவேன். இடம் பத்தாது.”

வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படங்களும் அவள் கைபடாமல் சுவருக்குப் போனதில்லை. டாக்டரம்மா அட்டைகளிலிருந்து நிமிர்ந்தார். திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“என்னென்ன மாத்துனீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

ஞாபகமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முதல் அட்டையின் மேல் விரலை வைத்தாள்.

“இதுல ஒண்ணும் பண்ணல. ரெண்டாவதுல மூக்கு கொஞ்சம் அகலமாத் தெரிஞ்சுது. கேமராவைக் கிட்ட வச்சுட்டேன்னு நினைச்சு ரெண்டு பக்கமும் ஒரு நூல் அளவு உள்ள தள்ளினேன். பெருசாக்கிப் பாக்கறப்போ ஒரு நூல். மூணாவதுல ரெண்டு நூல். கீழுதடு தடிச்சிருந்துது, அதையும் குறைச்சேன். நாலாவதுல புருவ எலும்பு முன்னால வந்து கண்ணு மேல நிழல் விழுந்துது. விளக்கை மாத்தி வச்சும் போகல. நிழலை வெளுத்தேன்.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, “ம்” என்றார்.

“அஞ்சாவதுல தாடை. அதுக்கு ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு.” அவள் விரல் அடுத்த அட்டைக்குப் போகத் தயங்கியது. “ஆறு, ஏழு, எட்டு மூணும் டச்சப் இல்ல. என்னால சரி பண்ண முடியல. பழைய முகத்தையே வெட்டி எடுத்து புதுச் சட்டை மேல வச்சேன்.”

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. நாலாவது வருடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவரிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிடித்த முகம் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு, திரையிலாவது அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பாதி பயம்.

“நான் இத்தனை வருஷத்துல கேட்டதுலேயே தெளிவான விவரம் இதுதான்” என்றார் டாக்டரம்மா. இரண்டு சீட்டு எழுதினார், ஒன்றில் ‘அவசரம்’ என்று அடிக்கோடு போட்டார். “இன்னிக்கே ரத்தம் குடுத்துட்டுப் போங்க. ஸ்கேனுக்கு நானே பேசறேன். வண்டி இனிமே ஓட்ட வேணாம்.”

கட்டி இருந்தது. கண்ணுக்குப் போகும் நரம்பை அது அழுத்திக்கொண்டிருந்ததும், மூக்கு வழியாக அதை எடுத்ததும், எடுக்க முடியாமல் விட்ட மிச்சத்துக்காக மாதம் ஒரு ஊசி என்று ஆனதும், பார்வை முக்கால்வாசி திரும்பியதும், வளர்ந்த எலும்பு வளர்ந்தபடியே நின்றுவிட்டதும் எல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு நடந்தது, ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்ததுதான்.

டிரைவர் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் பஞ்சே தெரியவில்லை.

“கோவமா இருந்தா திட்டிடுங்க” என்றாள் அவள்.

“திட்டறதுக்கெல்லாம் தெம்பு இல்ல.”

வரிசையில் இருந்த யாரோ இருமினார்கள். அவர் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

“காலைல ஷேவ் பண்றப்போ கண்ணாடில வேற யாரோ நிக்கற மாதிரி இருக்கும்” என்றார். “ரொம்ப நாளாவே. மூளை ஏதோ பிசகிடுச்சுன்னு நினைச்சேன். யார்கிட்ட சொல்றது. பையிலேர்ந்து அட்டைய எடுத்து கண்ணாடி பக்கத்துல வச்சுப் பாப்பேன். அட்டைல நான் நல்லாத்தான் இருந்தேன்.”

அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். பஞ்சு நழுவிவிடும் என்று நிறுத்திக்கொண்டாள்.

“கண்ணாடி பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணிட்டேன்” என்றார் அவர். “அட்டை நீ எடுத்ததாச்சே.”