கூண்டுக் கயிற்றில் ஒரு கத்தி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. வீட்டுக் கத்தி மொண்ணையாகிவிட்டதென்று சாணை பிடிக்கப் போனேன். பட்டறை மேசையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பிக்கயிறு கிடந்தது. என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். கை நீட்டினேன்.

"அதை மட்டும் தொடாதீங்க" என்றார் பட்டறை நடத்தும் அக்கா; ஊரில் அவருக்குக் கத்தியக்கா என்று பெயர். "அதுல முப்பத்தொரு பேர் ஏறி வந்திருக்காங்க."

வந்த வேலையை மறந்து வீடு திரும்பி எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம்: "பூமியின் கருவறையிலிருந்து மனிதர்களை மீட்ட அந்த எஃகுக் கயிறு..."

[அடித்துவிட்டேன். கருவறையாம். அக்கா படித்தால் சிரிப்பார்.]

2

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சுரங்கம் சரிந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு ஒன்றுதான் மிச்சம். அதை இழுக்கும் இயந்திரத்தை ஒரே ஆள் பத்தொன்பது மணி நேரம் இயக்கினார். ஊரில் அவருக்கு வின்ச்காரர் என்று பெயர். முப்பது பேர் மேலே வந்தபின், கூண்டு மறுபடி கீழே போய் நின்றது. மேலே இழுக்கச் சொல்லும் மணி கீழிருந்து அடிக்கவில்லை. மேற்கூரை நொறுங்குகிறது, கூண்டையாவது ஏற்றிவிடு என்று அதிகாரி உத்தரவு போட்டார். வின்ச்காரர் ஏற்றவில்லை. பதினோரு நிமிடம் கழித்து மணி மூன்று முறை அடித்தது. முப்பத்தோராவது ஆள், உடைந்த காலோடு ஊர்ந்து வந்து கூண்டில் விழுந்திருந்தான்.

அந்த ஆள் கத்தியக்காவின் கணவர்.

3

இங்கேதான் எனக்குச் சங்கடம். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். சினிமா மாதிரி இருக்கிறது. ஒரு வரைவில் அவரைப் பக்கத்து வீட்டுக்காரராக மாற்றினேன். அடுத்ததில் தூரத்துச் சொந்தம் ஆக்கினேன். ஒன்றும் ஒட்டவில்லை. அக்கா அப்போது சுரங்கத்திலேயே கயிறு பரிசோதிக்கும் வேலையில் இருந்தவர். தினமும் காலையில் அந்தக் கயிற்றை விரலால் தடவி, ஒரு கம்பி பிய்ந்திருந்தாலும் எழுதிவைப்பவர். தான் சரி என்று கையெழுத்துப் போட்ட கயிற்றில் கணவர் தொங்கி வந்ததைப் பார்த்தவர். பக்கத்து வீட்டுக்காரருக்காக யாரும் அதில் ஒரு முழம் அறுத்து, இத்தனை வருடம் எண்ணெய் போட்டு வைத்திருக்கமாட்டார்கள். ஆகவே கணவர் கணவராகவே இருக்கட்டும்.

(அவரைப் பற்றி ஒரு வரி: கால் சற்றே சாய்த்து நடப்பார்; பட்டறைக்கு வருபவர்களுக்கு அவர்தான் டீ போடுவார். "இவ இரும்பை உருக்குவா, நான் சர்க்கரையை உருக்குவேன்" என்பார். டீ பாகு மாதிரிதான் இருக்கும்.)

இந்த வருடம் சுரங்க விபத்து நினைவுக் குழு வின்ச்காரருக்கு ஒரு பரிசு தர முடிவு செய்தது. அக்காதான் கத்தி என்றார். கயிற்றிலிருந்து அலகு, கூண்டின் தரைப்பலகையிலிருந்து பிடி.

4

நான் போய் நின்று பார்த்தேன். கயிற்றின் முறுக்கைப் பிரித்து, நடுவிலிருந்த சணல் திரியை உருவி எடுத்தார். நூற்றுச் சொச்சம் கம்பிகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி முறுக்கினார். உலையில் வைத்து, கம்பிகள் ஒட்டுவதற்கு வெண்காரம் தூவி, மஞ்சளாகக் கனிந்ததும் எடுத்தார். ஓங்கி அடிப்பார் என்று நினைத்தேன். தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினார். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் கத்தி. ஒட்டாவிட்டால் வேறு கயிறு கிடையாது.

ஒரு முனை ஒட்டவில்லை. வாய் பிளந்துவிட்டது. அக்கா பிளந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை உலைக்குள் வைத்தார். கத்தி சின்னதாகிவிடுமே என்றேன். "கயிறு தர்றதுதானே நமக்கு" என்றார்.

கடைசியில், தேய்த்துப் பதமாக்கிய அலகை அமிலத்தில் முக்கி எடுத்தார். அதைப் பார்த்தபோது

[இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கினேன். பாம்புச் சட்டை, நதி, கைரேகை என்று எல்லா உவமையும் வந்து நின்றது. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.]

ஒவ்வொரு கம்பியும் தெரிந்தது. எஃகு ஒன்றாகியும் கயிறு அதற்குள்ளேயே இருந்தது.

5

அலகில் பொறிக்கக் குழு கொடுத்த வாசகம்: காத்திருந்தவருக்கு.

விழாவுக்கு முந்தைய நாள் காலை வின்ச்காரர் பட்டறைக்கு வந்தார். வாசகம் எழுதிய தாளைப் படித்தார். அதைப் பொறிக்க வேண்டாம் என்றார்.

"நான் காத்திருக்கலம்மா. உத்தரவு வந்ததும் ஏத்தத்தான் பார்த்தேன். பிரேக்கை விட்டாத்தான் கூண்டு ஏறும். பிரேக் கம்பியைப் பிடிச்ச கை திறக்கல. மரத்துப்போச்சு. இன்னொரு கையால விரலை விரிச்சுப் பார்த்தேன், வரல. வெளிய சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பேசாம இருந்தேன். மணி அடிச்சதும் விரல் தானா திறந்துச்சு. எப்படின்னு இன்னைக்கும் தெரியாது."

அக்காவின் கணவர் டீத் தம்ளரோடு நின்றிருந்தார். எங்கள் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"அப்போ அந்தக் கைக்கு நான் கடன்பட்டவன், அண்ணே" என்று தம்ளரை நீட்டினார். "டீயை அதுலயே பிடிங்க."

வின்ச்காரர் வாங்கிக்கொண்டார். டீ பாதியாகும்வரை அழுதார்.

அக்கா தாளைக் கிழித்தார். உளியை எடுத்து, ஊர் சொல்லும் கதைக்கும் அவர் சொன்ன கதைக்கும் பொதுவான இரண்டே சொற்களைப் பொறித்தார்: பதினோரு நிமிடம்.

6

முடிவு. வின்ச்காரர் மேடையில் உண்மையைச் சொன்னார் என்று ஒன்று எழுதினேன். உன்னதமாக இருந்தது, சந்தேகப்பட்டேன். சொல்லவில்லை என்று ஒன்று எழுதினேன். அதுவும் உன்னதமாகவே இருந்தது.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழுத் தலைவர் அவரை வீரர் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வின்ச்காரர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மைக் முன் வந்து மூன்று வாக்கியம் பேசினார். அந்த மூன்றையும் நான் தரப்போவதில்லை. அவை அவருக்குச் சொந்தம்.

அவர் இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். எதிரே முந்நூறு பேர். அவர்களில் முப்பத்தொருவர் நீங்கள் இழுத்ததால் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மைக் உங்கள் உயரத்துக்கு இறக்கப்பட்டுவிட்டது.

சொல்லுங்கள்.