வராத தோலின் வாடை

அந்தப் புகார் வந்த காலையில் உஸ்மாவின் அறையில் நகத்தளவு தோல்கூட இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்தவற்றைக் கேட்கிறவர்கள், ‘ஏதோ கொஞ்சமாவது இருந்திருக்கும், இல்லாமலா சொல்வார்கள்’ என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. இல்லை. சேணத்துக்கான கனத்த தோல் ஆம்பூரில் இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மழை விடாததால் காயவில்லை என்று பெரியமேட்டுத் தோல் வியாபாரி நாளைக் கடத்திக்கொண்டே வந்தார்.

அறையில் இருந்தவை எல்லாம் கண்ணுக்கு லட்சணமான பொருட்கள். கனமான ஒரு மேசை. சுத்தியல் சத்தம் கீழ்வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று அதன் கால்களுக்கு அவளே ரப்பர் வெட்டிப் பொருத்தியிருந்தாள். மேசையின் மேல், தட்டி வேலை செய்வதற்காக ஒரு கருங்கல் பலகை. சுவரில் வரிசையாகக் குத்தூசிகளும் வளைகத்திகளும். ஒரு கிண்ணத்தில் நூலுக்குத் தடவும் தேன்மெழுகு. நடுவில், பூந்தமல்லித் தச்சர் ஒருவர் சிரித்துக்கொண்டே செய்து கொடுத்த சேணத்தாங்கி. குதிரையின் முதுகைப் போல வளைந்து, தலையும் வாலும் இல்லாமல், யாரையோ எதிர்பார்ப்பதுபோல் நின்றது அது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வெளிநாட்டுக்குச் சேணம் அனுப்பும் நிறுவனமொன்றில் உஸ்மா தைப்பவளாகச் சேர்ந்து, வெட்டும் பிரிவுக்கே பொறுப்பாளராக உயர்ந்தவள். அந்தப் பிரிவை மூடியபோது அவள் அழவில்லை. வெள்ளானூருக்கு அப்பால் இருந்த குதிரையேற்றப் பள்ளிக்காரர்கள், “நீங்க வீட்டுலயே செஞ்சு குடுங்க, நாங்க வாங்கிக்கிறோம்” என்று சொல்லியிருந்தார்கள். முதல் சேணத்தைப் பொங்கலுக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது ஓர் அறை மட்டுமே. கணவன் முஸ்தகீம் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டான். கோவில்பதாகையில், மூன்றாம் மாடியில் தவணை கட்டி வாங்கிய சொந்த வீட்டின் சின்ன அறை அவளுடையதாயிற்று.

அதன் பிறகு அவள் செய்தது ஒரே ஒரு பிழை. சொல்லிவிட்டுச் செய்வதுதான் மரியாதை என்று எண்ணி, பேரீச்சம்பழப் பெட்டிகளுடன் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்று, தோல் வேலை தொடங்கப்போவதாகத் தானே தெரிவித்தாள். எதிர்வீட்டுக் கமலம் அம்மையார் பெட்டியை வாங்கிக்கொண்டு, “செய்யேம்மா, கைத்தொழில் நல்லதுதானே” என்று வாழ்த்தினார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோவிந்தராஜ் அவர்களும் அப்படியே. அன்று அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கட்டடத்தில் ஒருவர் மூக்கிலும் எந்த வாடையும் ஏறியிருக்காது.

குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி இது: ‘மூன்றாம் மாடியில் இருந்து தாங்க முடியாத தோல் வாடை. குழந்தைகள் சாப்பிட முடியவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.’ அதன் கீழே கட்டைவிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன.

உஸ்மாவின் விரல் வளர்ந்த விதம் அப்படி. மனம் யோசிக்கும் முன்பே அது தட்டிவிட்டது: ‘மன்னிக்கவும். உடனே கவனிக்கிறேன்.’

அனுப்பிய பிறகுதான் அவள் அறைக்குள் சென்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். புது மரத்தின் மணமும் மெழுகின் மணமும் வந்தன. எதைக் கவனிப்பது?

ஞாயிறன்று கீழே கார்கள் நிற்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. கோவிந்தராஜ் அவர்கள் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசாதவர். அன்றும் அவர் கடிந்து பேசவில்லை.

“மேடம், உங்க தொழில் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இது குடும்பங்க இருக்கிற இடம் பாருங்க.”

“நாங்களும் குடும்பம்தான் சார்” என்றாள் உஸ்மா.

“அத யார் இல்லன்னா? வாடையத்தான் சொல்றோம்.”

“எங்க மருமக முழுகாம இருக்கா” என்றார் கமலம் அம்மையார். “காலைல கதவைத் திறந்தா கொமட்டுதுங்கிறா. நான் பொய்யா சொல்லப்போறேன்?”

இரண்டாம் மாடி விக்ரம் கைப்பேசியில் இருந்து தலை தூக்காமலே சொன்னான்: “எங்க பெட்ரூம் வரைக்கும் வருது. ரூம் ஸ்ப்ரே அடிச்சும் போகல.”

உஸ்மா எழுந்து நின்றாள். “சார், இன்னும் தோலே வரல. ஆம்பூர்லேந்து லோடு கிளம்பவே இல்ல. ரூம்ல மேசையும் கல்லும்தான் இருக்கு.”

கோவிந்தராஜ் அவர்கள் வருத்தத்துடன் தலையசைத்தார். “அப்படீன்னா குரூப்ல நீங்களே மன்னிப்பு கேட்டீங்களே மேடம்.”

அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. பணிவாக இருந்ததே தனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று அவளுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? “வந்து பாருங்க” என்றாள். “எல்லாரும் வாங்க.”

வந்தார்கள். விக்ரம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். உஸ்மா மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். பரணைக் காட்டினாள். ஒருவரும் கேட்காமலே படுக்கையறைக் கட்டிலுக்கடியிலும் விளக்கடித்துக் காட்டினாள். அப்படிச் செய்துகொண்டிருக்கும்போதே, தான் ஏன் இதைச் செய்கிறோம் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தன் வீட்டில் தானே திருடியைப் போல நிற்கிறாள்.

கமலம் அம்மையார் வாசற்படியைத் தாண்டாமல் முகர்ந்து பார்த்தார். “இப்ப வரல. காலைல வந்துச்சு.”

“கூட்டம்னு தெரியும்ல. எடுத்து வேற எங்கயாவது வச்சிருப்பாங்க” என்றான் விக்ரம், கைக்குட்டைக்குள் இருந்து.

தீர்ப்பு அங்கேயே, தலையில்லாத அந்த மரக்குதிரையின் முன்னிலையில் வழங்கப்பட்டது. அறையின் ஜன்னல் எப்போதும் மூடியிருக்க வேண்டும். தோல் வந்தால் தார்ப்பாய் சுற்றி, குப்பை இறக்கும் பின்பக்கப் படிக்கட்டு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மீறினால் அறையையே மூடச் சொல்ல நேரிடும். கோவிந்தராஜ் அவர்கள் இதை மிகவும் கனிவுடன் எடுத்துரைத்தார். முஸ்தகீம், “சரி சார், பாத்துக்குறோம்” என்றான்.

அந்தச் ‘சரி சார்’தான் அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. கதவு சாத்தியதும் கேட்டாள்.

“எதுக்குங்க சரின்னீங்க?”

“ஒரு ஜன்னல்தானே உஸ்மா. நம்ம வேலை நடக்கணும், அவ்ளோதான். இவங்களோட தினமும் லிஃப்ட்ல நிக்கணும்ல?”

“வராத தோலுக்கே ஜன்னலைச் சாத்தச் சொல்றாங்க. வந்தப்புறம் எதைச் சாத்தச் சொல்வாங்க, என்னையா?”

“வாடை இல்லன்னு நீ நிரூபிச்சு என்னா ஆவப்போவுது? கண்ணால பாத்துமே நம்பலயே.”

“அதான் கேக்குறேன். கண்ணால பாத்தும் நம்பாதவங்களுக்கு நீங்க எதுக்குச் சரின்னீங்க?”

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலைக்குள் ஒளிந்துகொண்டான். ஜன்னல் மூடிய அறையில் மெழுகுகூட வியர்த்தது. ஒத்திகைக்காக ரெக்சின் துண்டில் தையல் போட்டுப் பார்த்தாள். கோபம் கையில் ஏறியிருந்ததால் குத்தூசி கோடு மாறிக் குத்தியது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். அதுவும் கோணியது.

மறுநாள் குப்பைக் கூடையுடன் இறங்கியபோது காவலாளி கஜபதி சிரித்தார். “இன்னாக்கா, உன் ஊட்ல ஒரே நாத்தமாமே? மேல இருக்கிறவங்க பேஜாராய்ட்டாங்களாம்.”

“உங்களுக்கு அடிக்குதாண்ணே?”

“எனுக்கா? நான் செப்டிக் டேங்கு மூடி பக்கத்துல கட்டிலைப் போட்டுகினு கீறேன்க்கா. மோட்டாரு புட்டுக்கினு எவ்ளோ நாளாவுது. எனுக்கு நாத்தம் அடிக்குதான்னு இந்தக் கட்டடத்துல ஒர்த்தராவது கேட்ருப்பாங்களா? வராத மாட்டுக்கு மூக்கைப் பொத்திகினு கூட்டம் போட்றாங்கோ.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். உஸ்மாவால் சிரிக்க முடியவில்லை.

மழை விட்டது. தோல் வந்தது. பழுப்புத் தாளில் சுருட்டிக் கட்டிய உருளை. அவள் தோள் உயரம் இருந்தது. டெம்போக்காரர் அதை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கஜபதி தலையைச் சொறிந்தார்.

“பின்னாடியாக்கா? தார்ப்பா எடுத்தாரட்டா?”

உஸ்மா பின்பக்கம் பார்த்தாள். படிக்கட்டின் முதல் படியில் யார் வீட்டுச் சாம்பாரோ வழிந்து காய்ந்திருந்தது.

“முன்னாடிண்ணே” என்றாள். “தார்ப்பாய் வேணாம்.”

உருளையை இருவருமாக மின்தூக்கிக்குள் நிறுத்தினார்கள். கஜபதி வெளியேறியதும் கதவு மூடப்போனது. காய்கறிப் பையுடன் கமலம் அம்மையாரும், நடைப்பயிற்சி முடித்த கோவிந்தராஜ் அவர்களும் விரைந்து வந்து உள்ளே நுழைந்தார்கள். உருளை சாய்ந்தது. செயலாளர் தாமே கைநீட்டி அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து மேடம், வெயிட்டா இருக்கே. கார்பெட்டா?”

அவள் பதில் சொல்லும் முன் மின்தூக்கி புறப்பட்டது. மூடிய பெட்டிக்குள் மணம் மெல்ல நிறைந்தது. கமலம் அம்மையார் மூக்கை லேசாக உயர்த்தினார்.

“என்னமோ நாட்டு மருந்துக் கடைக்குள்ள நின்ன மாதிரி இருக்கு. நல்லா இருக்கு, இல்ல?”

“ஆமா, எனக்கும் தோணுச்சு” என்றார் கோவிந்தராஜ்.

ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். மூன்றாம் மாடி வந்துவிடும், கதவு திறக்கும், கார்பெட் உள்ளே போய்விடும். அறையும் அவளுடையதாகவே இருக்கும், சேணமும் பொங்கலுக்குள் முடிந்துவிடும். உஸ்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. உருளையின் முனை செயலாளரின் வெள்ளைச் சட்டையில் உரசியபோது ‘மன்னிக்கவும்’ என்ற சொல் பழக்கத்தால் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அதை விழுங்கினாள்.

“கார்பெட் இல்ல சார். தோல். மாட்டுத்தோல். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுப் பதப்படுத்தினது. நீங்க சொல்ற வாசம் அதோடதுதாம்மா.”

செயலாளரின் கை உருளையை விட்டு நகர்ந்தது. சட்டையில் துடைக்கப் போய், நடுவிலேயே நின்றது. கமலம் அம்மையார் முந்தானையை எடுத்தார். மூக்கருகே கொண்டுசென்றவர், பொத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“பின்பக்கமாத்தானே வரச்சொன்னோம் மேடம்” என்றார் கோவிந்தராஜ், தரையைப் பார்த்தபடி.

“சொன்னீங்க சார். என் வீட்டுக்கு வழி இதுதான். ஜன்னலையும் இன்னிலேந்து திறந்துதான் வைக்கப்போறேன். வாடை வந்தா இனிமே கதவைத் தட்டி என்கிட்டயே சொல்லுங்க. அதுவும், வந்தா.”

கதவு திறந்தது. ஒருவரும் உதவவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. உருளையைத் தரையில் இழுத்துக்கொண்டே வீட்டு வாசலை அடைந்தாள். இழுபடும் சத்தம் கேட்டு முஸ்தகீம் எட்டிப் பார்த்தான்.

“பின்படியில தூக்கிக்கினா வந்தே?”

“லிஃப்ட்ல. செயலாளர் சார்தான் புடிச்சுக்கினு வந்தாரு.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பின்னால், எதிர்வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டிருந்த கமலம் அம்மையாரின் முதுகைப் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு உருளையின் மறுமுனையைத் தூக்கினான். இருவருமாக அதை மேசைமேல் கிடத்தினார்கள். கூடத்தில் அவனது கைப்பேசி குழுச் செய்தி வந்ததற்கான ஒலியை எழுப்பியது. உடனே இன்னொன்று.

“ஜன்னல்?” என்றான்.

“நீங்கதானே சரின்னு சொல்லிச் சாத்துனீங்க.”

அவன் போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.