பதினோரு திருத்தங்கள்

வாக்காளர் பதிவு அலுவலகத்தின் வாசலில், ஜன்னலுக்கு நேர் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் கட்டம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, கோட்டுக்கு வெளியே கால் நீட்டக் கூடாது என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே வந்த பெயர் அது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

உள்ளே கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவுக்கும் அவருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. தப்பும் தவறுமாக வருகிற விண்ணப்பத்தை அந்த அம்மா நிராகரிப்பதில்லை. ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டுவார். கட்டம் சார் தப்பை ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதித் திருப்பி நீட்டுவார். விண்ணப்பம் கொடுத்தவர் ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. சட்டத்தில் இப்படி ஒரு வழி இல்லைதான். ஆனால் சட்டப்படியே போயிருந்தால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டே இருந்திருக்காது.

ஊர் விவரத்தையெல்லாம் நேர் செய்கிறவரின் சொந்த வீட்டு விவரம் பதினான்கு மாதமாகப் பொய்யாக இருந்தது. வாக்காளர் பட்டியலில் அந்த வீட்டுக்கு இரண்டு ஓட்டு. வீட்டில் இருந்தது ஓர் ஆள்.

மனைவி கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபித்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் எழுதிய கடைப் பட்டியலை அவர் திருத்தினார். அவள் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைத் திருத்தினார். விருந்தாளிகளிடம் அவள் ஒரு கதை சொன்னால், "செவ்வாய் இல்ல, புதன்" என்று நடுவில் மூக்கை நுழைத்தார். கடைசியில் ஒரு நாள் அவள், "இனிமே நான் தப்பாவே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தையல் இயந்திரத்தோடு ஊரின் மறுகோடிக்குக் குடிபோய்விட்டாள். பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள் என்று கேள்வி.

அவள் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் அவருக்குத் தெரியவில்லை. போன மாதம் வீடு வீடாகச் சரிபார்க்க வந்த டீச்சர், "அம்மா இருக்காங்களா சார்?" என்று கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே ஒரு தப்பு விவரம் கொடுத்தார்.

"வேலைக்குப் போயிருக்கா. வந்துடுவா."

டீச்சர் 'உண்டு' என்ற இடத்தில் டிக் போட்டுக்கொண்டு போனார். அந்த டிக்கை நினைத்து அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார். பட்டியலில் பேர் இங்கே இருக்கும்வரை ஓட்டுப் போடவாவது அவள் இந்தத் தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? பக்கத்து வரிசையில் நிற்பாள். நின்றால் ஏதாவது பேசாமலா போய்விடுவாள்?

பட்டியல் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அவளே அலுவலகத்துக்கு வந்தாள். மேசைக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். அவள் வரிசையையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. நேராகப் படியேறி உள்ளே போனாள். கட்டம் சாருக்குப் பேனா பிடித்த கை நின்றுவிட்டது. எதிரே நின்ற லாரி டிரைவர், "என் பேர் இன்னும் முடியலையே சார்" என்று நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

கால் மணி நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாக ஒரு விண்ணப்பம் நீண்டது.

"சார், உங்க வீட்டு அம்மாது. முகவரி மாத்தறாங்க." கவுன்ட்டர் அம்மா குரலைத் தாழ்த்தினார். "எண்ணிப் பாத்தேன், பதினோரு தப்பு. நியாயமா இதைத் தள்ளிடலாம். தள்ளினா இந்தத் தடவை பேர் உங்க வீட்டுலயேதான் இருக்கும். என்ன பண்ணட்டும்?"

ஒரு வார்த்தை போதும். தள்ளிடுங்க என்றால் தீர்ந்தது. விண்ணப்பத்தைப் பார்த்தார். அங்கேதான் வினை. பிறந்த மாதத்தை நாள் இருக்க வேண்டிய இடத்தில் எழுதியிருந்தாள். வீட்டு எண் தெருப் பெயரின் கட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. அவர் வீட்டு ஆள் எழுதிய விண்ணப்பம், இந்த லட்சணத்தில், இன்னொருத்தர் எண்ணிப் பார்க்கும்படி! அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அதெல்லாம் வேணாம்மா. யாராயிருந்தாலும் முறைனு ஒண்ணு இருக்கு" என்றார். நியாயத்துக்காகச் சொன்னதாக அவரே நம்பினார். உண்மையில் திருத்தத் துடித்த கையின் அரிப்பு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாளை மாதத்திலிருந்து பிரித்தார். வீட்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பிடித்து அதனதன் கட்டத்தில் உட்கார வைத்தார். பத்துத் திருத்தம் ஆயிற்று. கடைசிக் கேள்வி: 'உங்களோடு இதே முகவரிக்கு மாறவிருக்கும் குடும்பத்தினர்'. அதற்கு நேராக அவள் அவருடைய பெயரை எழுதியிருந்தாள்.

கட்டம் சார் உச்சுக்கொட்டினார். ஆயிரம் பேர் செய்கிற தப்புதான் இது. குடும்பத்தினர் என்று பார்த்தவுடன் கேள்வியை முழுக்கப் படிக்காமல் கணவர் பேரை எழுதிவிடுவார்கள். ஒரே கோடாக அடித்தார். மேலே, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, 'இல்லை' என்று எழுதினார். ஜன்னலில் நீட்டினார்.

உள்ளே நடப்பது தெளிவாகக் காதில் விழுந்தது. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு என்று கவுன்ட்டர் அம்மா காட்டிக்கொண்டே வந்தார். பத்து முறை பேனா கீறியது. பிறகு நின்றது.

"இதை யாரு அடிச்சது?" மனைவியின் குரல்.

"சார்தான்மா. தெரியாம எழுதிட்டீங்கன்னு..."

"தெரியாம எழுதலையே."

கட்டம் சார் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நேர்ல கேக்க வாய் வரல. எப்படியும் இது அவர் கைக்குத்தான் போகும்னு எழுதினேன்" என்றாள் அவள். "சரி, விடுங்க. இல்லைனு அவரே எழுதிட்டாரே." பதினோராவது முறை பேனா கீறியது. முத்திரை விழுந்தது.

அவள் படியிறங்கி மேசையைத் தாண்டிப் போனாள். அவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி காகிதம். ஒரு புது விண்ணப்பத்தை உருவி, முகவரி மாற்றத்தில் டிக் போட்டு, தன் பெயரைக் கடகடவென்று நிரப்பினார். புதிய முகவரிக்கு வந்ததும் பேனா நின்றது.

சற்று முன்புதான் அந்த வீட்டு எண்ணைத் தன் கையால் எழுதினார். தெருப் பெயரையும் எழுதினார். எவ்வளவு யோசித்தும் ஓர் இலக்கம்கூட ஞாபகம் வரவில்லை. கட்டத்தைத்தான் பார்த்தாரே தவிர, எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை.

"அம்மா, அந்த விண்ணப்பத்தை ஒரு நிமிஷம்..."

"கட்டோட மாடிக்கு ஏத்தியாச்சு சார். இனி என் கையில இல்ல."

வரிசையில் நின்றவர்கள் கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார். அவள் பேருந்தில் கால் வைத்திருந்தாள்.

"உன் வீட்டு நம்பர் என்ன?" மூச்சு வாங்கியது. "தெரு பேரு என்ன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது.

"நீங்கதானே திருத்தினீங்க?" என்றாள். கதவு மூடிக்கொண்டது.